தென்னை விட்டுப்போன வெயில்

என் தையல் மெஷின் கொல்லைப்பக்கச் சன்னலை ஒட்டிக் கிடக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 2003-ல் முதல் ஜாக்கெட் தைத்ததும் அதே இடத்தில்தான். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உச்சிப்பொழுதிலும் பல்பைப் போட்டுக்கொண்டு தைத்தேன். கொல்லையில் ஒன்பது தென்னை, 1996-ல் மாமா வைத்தவை. பத்து சென்ட் இடத்தில் ஒன்பது மரம் என்றால் நெருக்கம்தான். கீற்றோடு கீற்று உரசிக்கொண்டு நிற்கும். தரையில் காசு காசாக வெயில் விழும், அவ்வளவுதான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சேம்பு, வேலியோரம் இரண்டு வாழை. காய் வேண்டுமென்றால் பேராவூரணிக்குப் போக வேண்டும்.

இந்த ஆறு வருஷமாக வீட்டுச் சமையலுக்கு வேண்டிய காயில் பாதிக்கு மேல் அந்தக் கொல்லையிலிருந்துதான் வருகிறது. அது எப்படி வந்தது, இனி எவ்வளவு நாள் வரும் என்று எழுதி வைக்க வேண்டும்போல் இருக்கிறது. சன்னலில் மறுபடி வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கமாகப் போனது. காற்று ஒரு பக்கமிருந்து அடித்தது, கொஞ்சநேரம் ஓய்ந்தது, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து முன்னைவிட மோசமாக அடித்தது. ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் நான் ரேஷன் கார்டு, பத்திரம், மகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். அத்தை பரண் மேலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற நேரமா அது? மூன்று மணி நேரம் அந்தப் பாட்டிலை அவர் கீழே வைக்கவில்லை.

விடிந்து பார்த்தால் கொல்லையில் ஏழு மரம் சாய்ந்து கிடந்தது. இரண்டு நடுவில் முறிந்தவை, ஐந்து வேரோடு பிடுங்கிக்கொண்டவை. மாட்டுக்கொட்டகை மேலே ஒன்று. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மரமாகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதேதான். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னை என்பது மாதச் சம்பளம் மாதிரி. அந்த வருமானத்தை நம்பித்தான் கல்யாணமும் காலேஜும் நடந்தன.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நனைந்த துணிகளை எடுத்துப் போடலாமென்று மெஷின் பக்கம் போனேன். மதிய வெயில் சன்னல் வழியாக வந்து மெஷினின் மேல்பலகை முழுக்கப் படர்ந்து கிடந்தது. ஊசித்துளை பளிச்சென்று தெரிந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் வெயிலைப் பார்த்திராத எனக்கு அது நன்றாக இருந்தது. வெளியே மரங்கள் பிணம்போல் கிடக்கும்போது அது நன்றாக இருக்கிறதே என்று எனக்கே மனசு உறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

மரங்களை அறுத்து அகற்றவே மார்கழி ஆகிவிட்டது. கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வேர்க்கட்டைகளைப் பொக்லைன் வைத்துத் தோண்டியெடுத்த இடத்தில் ஏழு குழிகள். கொல்லையைப் பார்க்கவே பிடிக்காமல் நான் பின்கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். அத்தைதான் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு, "மரம் விழுந்துடுச்சுன்னு மண்ணையும் சும்மா போட்டு வைப்பியா? தை பொறக்கப் போவுது. கீரையாவது வெதை" என்றார். அப்போதுதான் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து திறந்தார்.

உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். என் தையல் கழிவுத் துணியிலிருந்துதான் எடுத்திருக்கிறார். ஒரு முடிச்சு என் மகளின் சின்ன வயது பாவாடைத் துணி. சுரை, பீர்க்கு, புடலை, பாகல், இரண்டு விதமான அவரை, கொத்தவரை, வரி வரியாக இருக்கும் ஒரு நாட்டுக் கத்தரி, வெண்டை, அரைக்கீரை, தண்டுக்கீரை. வீட்டில் அரிசி நனைந்து முளைவிட்டுப் போயிருந்தது. பாட்டிலுக்குள் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

முதலில் செய்தது குழிகளை நிரப்பியது. கஜாவில் விழுந்த காய்களை உரித்ததில் தேங்காய் மட்டை மலைபோல் குவிந்திருந்தது. தென்னந்தோப்புகளில் மட்டை புதைப்பார்கள், அதே வழக்கத்தைப் பாத்திக்குக் கொண்டுவந்தோம். குழியின் அடியில் மட்டைகளை வரிசையாக அடுக்கினோம், குழிந்த பக்கம் மேலே பார்த்தபடி. கவிழ்த்துப் போட்டால் தண்ணீர் வழிந்துவிடும், மல்லாத்தினால் ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னக் கிண்ணம். ஒரு வரிசை மட்டை, ஒரு வரிசை மண், மறுபடி மட்டை. மேலே ஒரு முழத்துக்கு மண்ணும் மாட்டெருவும் கலந்தது. எங்கள் மண் செம்மண்ணும் மணலும் கலந்த மண், தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓடிவிடும். மட்டை போட்ட ஏழு பாத்தியில் மட்டும் சித்திரை வெயிலில்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதுமாக இருந்தது. புதைத்த மட்டை ஐந்தாறு வருஷம் ஈரம் பிடிக்கும். போன வருஷம் ஒரு பாத்தியைக் கிளறினேன், நாராகக்கூட இல்லாமல் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மண்புழு நெளிந்தது.

2019 தையில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும். விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே வீசினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பிடி விதைக்கு நாலு பிடி மணல் கலந்து தூவச் சொன்னார் அத்தை. எறும்பு இழுத்துப் போகாமலிருக்கப் பாத்தி ஓரம் கொஞ்சம் அரிசி மாவு. எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். கரண்ட் வந்திருந்தாலும் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. தெருமுனை அடிபம்பிலிருந்து காலை ஆறு குடம், சாயங்காலம் ஆறு குடம். இருபத்தெட்டாவது நாள் முதல் அறுப்பு. பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்த அந்தக் கீரையை என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புயலுக்கப்புறம் அவர் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கீரையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. போட்டால் வரும். கொடிவகைதான் எனக்குப் பாடம் எடுத்தது.

அந்த ஆடியில் சுரை போட்டேன். பந்தலுக்குக் கால் விழுந்த தென்னையிலிருந்து அறுத்த சட்டங்கள். மேலே விரிக்க மல்லிப்பட்டினத்தில் கிழிந்த மீன்வலை சல்லிசாகக் கிடைத்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டு உப்புப் போக அலசிக் கட்டினோம். கொடி நாற்பது நாளில் பந்தலை மூடிவிட்டது. பூவும் வந்தது. பிஞ்சு கட்டைவிரல் அளவுக்கு இருக்கும், மூன்று நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். எரு போதவில்லை என்று எரு போட்டேன். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன். கடையில் கேட்டால் ஒரு டானிக் கொடுத்தார்கள், நூற்றெண்பது ரூபாய். அதற்கும் பிஞ்சு நிற்கவில்லை.

அத்தைக்கு அப்போது முழங்கால் வலி, கொல்லைக்கு வருவது குறைவு. ஒருநாள் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "நீ எப்ப போயிப் பாக்குற கொடிய?" என்றார். "காலைலதான் அத்தை, தண்ணி ஊத்துறப்ப."

"காலைல அது தூங்கிப் போயிருக்குமே. வெளக்கு வைக்கிற நேரத்துல போ."

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்தலுக்கடியில் போய் நின்றேன். மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காலையில் நான் தினமும் பார்க்கிற, வாடிய துணிபோல் தொங்கும் பூ அல்ல அது. பச்சை மொக்கு ஒன்று, திருகிய கைக்குட்டைபோல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறுக்கு தளர்ந்தது. ஓர் இதழ் விலகியது. அப்புறம் இன்னொன்று. கால் மணி நேரத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஐந்து இதழ் விரிந்துவிட்டது. இதழில் நரம்பு நரம்பாகச் சுருக்கம், இஸ்திரி போடாத மல்துணி மாதிரி. பந்தல் முழுக்க இப்படி இருபது முப்பது பூ. பாதிக்கு மேல் நீளக் காம்பில் நிமிர்ந்து நின்றன, அவை ஆண் பூக்கள். பெண் பூக்கள் குட்டைக் காம்பில், பூவுக்கு அடியிலேயே ஒரு குட்டிச் சுரைக்காயோடு. அந்தப் பிஞ்சின் மேலே பச்சைக் குழந்தையின் கன்னத்தில் இருப்பதுபோலப் பூனைமுடி.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். ஓர் ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் நின்றது, விரலில் தொட்டால் மஞ்சள் பொடி. அதைப் பெண் பூவின் நடுவே இருக்கும் முடிச்சில், பொட்டு வைப்பதுபோல் ஒற்றிச் சுற்றினார். ஒரு ஆண் பூவில் இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். "முன்னெல்லாம் அந்துப்பூச்சி வந்து இத செஞ்சுடும். இந்த வருஷம் அது எங்க போச்சோ" என்றார். மரமெல்லாம் போன அந்த முதல் வருஷம் சாயங்காலங்களில் பூச்சி இரைச்சலே குறைவாக இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது.

அன்று ஏழு பிஞ்சுக்குத் தொட்டுவிட்டோம். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். நான்காம் நாள் ஏழில் ஆறு பச்சையாக நின்றது, காம்பு தடித்திருந்தது. பதினைந்து நாளில் முதல் காயை அறுத்தேன்.

அதிலிருந்து கொல்லையில் மணி பார்த்துத்தான் நடக்கிறேன். பூசணியும் பாகலும் விடியலில் பூக்கும். பூசணியை ஒன்பது மணிக்குள் தொட்டுவிட வேண்டும், அப்புறம் மூடிக்கொள்ளும். பீர்க்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு மஞ்சளாக விரியும், பக்கத்து வீட்டுப் பசங்கள் பள்ளிவிட்டு வந்து பை வைக்கும் நேரம். புடலை அந்தி கழிந்து, இதழோரம் நூல் பிரிந்ததுபோல் பூக்கும். சுரை விளக்கு வைக்கும் நேரம். தோட்டம் போடுகிறவர்கள் பலர் பிஞ்சு உதிர்கிறது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி அத்தை கேட்டதுதான், எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள் என்று. முக்கால்வாசிப் பேர் காலை ஏழு மணி என்கிறார்கள்.

கத்தரியில் பட்ட பாடு வேறு மாதிரி. செடி ஓங்கி நிற்கும், நுனிக் குருத்து மட்டும் ஒரு நாள் திடீரென்று தலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். தொங்கிய குருத்தைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, தண்டைக் குடைந்து எச்சத்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதே புழுதான் அப்புறம் காய்க்குள்ளும் போகிறது. காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் அதன் மேல் படாது. குருத்து தொங்கும்போதே பிடிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், கத்திரிக்கோலோடு போய்த் தொங்கும் குருத்தையெல்லாம் ஒரு விரல் கீழே வைத்து வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுவிடுவேன். வெட்டின இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், நஷ்டமில்லை. கூடவே வேப்பெண்ணெய், லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு. சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மிதக்கும், இலையில் ஒட்டாது. இப்போதும் பத்துக் காயில் ஒன்றிரண்டு புழுக்காய் வருகிறது. அதைக் கோழிக்குப் போடுகிறேன்.

வெண்டையில் ஒரு வருஷம் மொத்தமாகத் தோற்றேன். படம் போட்ட பாக்கெட்டில் கடை விதை வாங்கிப் போட்டேன், அத்தை முகம் கொடுக்கவில்லை. இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாக மாறி, காய் வெளுத்து, நாராகிவிட்டது. வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். கண்ணீர் வர ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கினேன். அதற்கப்புறம் மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டி வைக்கிறேன். ஈ அந்த நிறத்தைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தையின் வெண்டைக்கும் நோய் வரத்தான் செய்கிறது. அவர் விதைதான் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் எங்கள் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறுத்துப் போட்ட தென்னந்தடிகள் மூன்று, எருக்குழி ஓரத்திலேயே மக்கட்டும் என்று கிடந்தன. 2020-ல் எரு அள்ளும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், ஒரு கூடை நிறைய. காண்டாமிருக வண்டின் புழு. மக்கின தென்னந்தடியும் எருக்குழியும்தான் அதற்குப் பிறந்த வீடு. வளர்ந்து பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும்; பிறகு கீற்று விரியும்போது விசிறியைக் கத்தரித்ததுபோல் இருக்கும். காய்கறிக்கென்று நான் குவித்த எருவில் என் வீட்டுக்காரருடைய புதுத் தென்னங்கன்றுக்கு எமனை வளர்த்துக்கொண்டிருந்தேன். தடிகளை எரித்தோம், எருவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் புழுக்களைப் பொறுக்கினோம். ஒரு பானையில் ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தென்னைக்கு நடுவே புதைத்தார் அவர். அந்த வாடைக்கு வந்து விழுந்த வண்டுகளைத் தினமும் காலையில் எண்ணுவார்.

புதுத் தென்னங்கன்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 2019 ஆடியில் நான் சுரை போட்ட அதே மாதம் அவர் ஐந்து கன்று வைத்தார். மறுபடி ஒன்பது வைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் கீரைப் பாத்தியும் பந்தலும் மனசுக்குள் வேர்விட்டிருந்தது. "நடுவுல வேணாங்க. வடக்கு ஓரத்துல மட்டும் வைங்க" என்று கேட்டேன். மார்கழி தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, வடக்கே மரம் இருந்தால் நிழல் வேலிக்கு வெளியே விழும், பாத்திக்கு வராது என்று கையால் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் நடுவிலும் இரண்டு வைத்தார். "அப்பா வச்ச மரம் நின்ன எடம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி, மூன்றடிக்கு மூன்றடிக் குழி. தெற்கு வேலியோரத்தை மட்டும் எனக்கென்று விட்டார்.

என் பாத்திக்கு ஊற்றுகிற தண்ணீர் கன்றுகளுக்கும் போனது. மற்றவர்கள் தோப்பில் வைத்த கன்றுகளைவிட எங்கள் வீட்டுக் கன்றுகள் தேறிவந்தன. 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது சந்தை இல்லை, பஸ் இல்லை. எங்கள் தெருவில் பதினான்கு வீடு. எங்கள் கொல்லையிலிருந்து கத்தரியும் சுரையும் போகும், எதிர்வீட்டு அக்காவிடமிருந்து பால் வரும், கடைசி வீட்டிலிருந்து முட்டை. சுரைக்காயைப் பாதியாக அறுத்துக் கொடுத்தனுப்புவேன். அந்த இரண்டு மாதமும் காசு கைமாறவே இல்லை.

இப்போது அந்தக் கன்றுகளுக்கு ஆறு வயது முடிந்து ஏழாவது தொடங்குகிறது. மூன்றில் பாளை வந்துவிட்டது. அவர் காலையில் எழுந்ததும் குரும்பை எத்தனை நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கிறார், அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மட்டையும் பதினைந்து அடிக்கு நீண்டுவிட்டது. மரம் இன்னும் உயரவில்லை, அதனால் நிழல் தரையோடு தரையாகக் கவிழ்ந்து கிடக்கிறது. வேளாண்மை அலுவலகத்தில் சொன்னார்கள்: ஏழெட்டு வயது வரை தென்னைக்கிடையில் எந்தப் பயிரும் வரும், அதிலிருந்து இருபது இருபத்தைந்து வயது வரை நிழல் கட்டிவிடும், அப்புறம் மரம் உயர்ந்து மறுபடி வெயில் உள்ளே சாயும். எனக்கு இப்போது நாற்பத்தாறு. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நடுப்பாத்திக் கத்தரி இந்தச் சித்திரையில் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டது, பூ இருந்தும் பிடிக்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டுச் சேனைக்கிழங்கு நட்டிருக்கிறேன். சேனை, மஞ்சள், இஞ்சி, சேப்பங்கிழங்கு, இவையெல்லாம் அரை நிழலில் வரும். சேனையைக் கண் இருக்கும்படி அரைக்கிலோத் துண்டாக வெட்டி, சாணிப்பாலில் முக்கி, நிழலில் உலர்த்தி நட்டேன். மார்கழி தையில் தோண்டலாம். கிழங்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை எந்தச் சாயங்காலத்தில் போய்ப் பார்ப்பது?

போன மாதம் இதை அத்தையிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு, கண்புரை அறுவை செய்தும் ஒரு கண்ணில் பார்வை மங்கல். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார். எனக்கு விளங்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மாமா வைத்த தென்னைக்கு ஏழு வயது. கொல்லையில் அப்போது கத்தரியும் அவரைப் பந்தலும் இருந்தது நினைவுக்கு வந்தது, புதுப்பெண்ணாக ஒன்றிரண்டு முறை பறித்தும் இருக்கிறேன். இரண்டு மூன்று வருஷத்தில் அத்தை பந்தல் கால்களைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். வயசாகிவிட்டது, விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

அதற்கப்புறமும் ஒவ்வொரு ஆடியிலும் முன்பக்கத் தெருவேலியில் அவர் ஒரு சுரைக்கொடி, ஒரு பீர்க்கு, மூலையில் இரண்டு கத்தரிச் செடி போடுவார். ஒரு வருஷம் சுரை என்றால் மறு வருஷம் புடலை. தெருவில் போகிறவர்கள் பாதியைப் பறித்துக்கொண்டு போவார்கள். ஒரு காயில் மட்டும் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி, யாரும் தொடக்கூடாது என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருப்பார். அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும் வரை இருக்கும். கிழவி பொழுதுபோக்குக்குச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். சுரை விதையை நாலைந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்பு குறையும். பாட்டிலிலிருந்ததைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கொல்லையில் வெயில் இல்லாத பதின்மூன்று வருஷமும் அந்த விதைகளைத் தெருவேலியில் சாகாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். திரும்ப வெயில் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது. வெதை இருந்துச்சு, போட்டேன்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டிலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்காமல் துணிக்கு மேலேயே விரலால் உருட்டிப் பார்த்துச் சொன்னார்: இது பீர்க்கு, இது பாகல், ஓரம் சொரசொரன்னு இருக்கு பாரு, இது அவரை, வெள்ளை அவரை இல்ல, சிவப்பு விளிம்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. வெண்டை முடிச்சை மட்டும் தனியே வைத்து, "இது பழசு. மொதல்ல இதப் போடு" என்றார்.

ஆடி பிறந்து ஏழு நாள் ஆகிறது. பதினெட்டுக்கு இன்னும் பதினோரு நாள். தெற்கு வேலியோரத்தில் பத்தடிக்கு இன்னும் நல்ல வெயில் இருக்கிறது, அங்கே வெண்டையும் கத்தரியும். சுரையை முன்பக்கத் தெருவேலிக்குக் கொண்டுபோகிறேன். நேற்று குழி எடுத்து, ஆறு மட்டையை மல்லாத்திப் போட்டு எரு நிரப்பினேன். எதிர்வீட்டு அக்கா, "என்னடி, உங்க அத்தை எடத்துல நீ ஆரம்பிச்சுட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேலிக்கு வலை கட்ட வேண்டும். மல்லிப்பட்டினத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அவர் போகிறார், சொல்லி வைத்திருக்கிறேன்.